தோல் உரியாமல்

பிப்ரவரி 6

சம்பந்தியம்மா அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் சோதனைக் கூடத்தில் ஈயம் ஓடிய குழாயில் ஓட்டை விழுந்துவிட்டது. அதற்காக என் கடையின் பெயரை உங்கள் அலுவலகம் சப்ளையர் பட்டியலில் நிறுத்திவைத்திருக்கிறது. இந்த இரண்டு செய்தியும் உங்கள் வாயிலிருந்து எனக்கு வரவில்லை. யாரோ ஒரு துணை அதிகாரி போட்ட மூன்று வரித் தபாலில் வந்தது. அதிலும் என் கடைப் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

போன் செய்தேன். ஒரே ஒரு முறை எடுத்தீர்கள், நான் சத்தம் போட்டேன், வைத்துவிட்டீர்கள். சத்தம் போட்டது தப்புதான். இரும்புக் கடைக்காரன் தொண்டை, பக்கத்தில் கட்டிங் மிஷின் ஓட ஓடப் பேசியே வளர்ந்தது. அதன்பிறகு எத்தனை முறை அடித்தும் மணி போகிறது, ஆள் வரவில்லை. "எழுதிப் பாருங்க மாமா, காகிதத்துல கத்த முடியாது" என்று உங்கள் மகள் சொன்னாள். என் கடைக் கணக்கையும் ஆர்டரையும் பார்க்கிறவள் அவள்தானே, அவள் பேச்சைக் கேட்டே பழகிவிட்டேன்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். அந்தக் குழாய்க்கு விலை கேட்டபோதே, இவர் என் மகளின் மாமனார் என்று நீங்கள் எழுத்தில் கொடுத்தீர்கள். விலையில் நான்தான் குறைவு என்பதால் எனக்கு வந்தது. சலுகை யாரும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. சரக்கில் குறை என்றால் அதை நேராக என்னிடம் சொல்வதற்கு என்ன தடை? இந்தத் தொழிலில் பட்டியலிலிருந்து ஒரு பெயர் எடுபட்டால், மறுநாளே மற்ற எல்லா அலுவலகத்துக்கும் தெரிந்துவிடும். என்னிடம் வேலை பார்ப்பவர்கள் கேட்கிறார்கள், "என்ன முதலாளி, ஓட்டைக் குழாய் வித்துட்டமா?" என்று. சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நான் போனை எடுக்காததற்குக் கோபம் காரணமில்லை. விசாரணை நடக்கும்போது சரக்குக் கொடுத்தவரோடு தனியாகப் பேசக் கூடாது. எழுதுவதுகூடச் சரிதானா என்று இரண்டு மனமாகத்தான் எழுதுகிறேன்.

நடந்தது இது. நாங்கள் யோசிக்கும் புது வகை அணு உலையில், நடுவில் பிறக்கும் சூட்டை வெளியே ஏந்தி வர ஒரு பொருள் வேண்டும். இந்த வகைக்குத் தண்ணீர் ஆகாது. மிஞ்சி நிற்பவை இரண்டு: உருக்கிய சோடியம், உருக்கிய ஈயம். என் குழு ஈயத்தின் பக்கம். பக்கத்துக் கட்டடத்துக் குழு சோடியத்தின் பக்கம். அதன் தலைவரை எல்லாரும் சோடியம் சார் என்றே கூப்பிடுகிறார்கள், அவருக்கும் அதில் பெருமைதான். ஏப்ரலில் தேர்வுக் குழு கூடி ஏதாவது ஒன்றை எடுக்கும். எடுக்காததை மூடிவிடும்.

ஈயத்தின் மேல் எல்லாரும் சொல்லும் ஒரே பெரிய குறை, அது எஃகைத் தின்னும் என்பது. தின்னாது, அதற்கு வழி உண்டு என்று காட்டத்தான் உங்கள் குழாய்களில் ஈயத்தைப் பல மாதங்கள் சுற்றவிடத் திட்டமிட்டேன். கதிர்வீச்சு இல்லை, அணுப்பொருள் இல்லை, வெறும் சூடான ஈயம். பாதிக் காலம் போவதற்குள் ஒரு வளைவில் ஓட்டை விழுந்தது. சுவர் தேய்ந்து காகிதம்போல் ஆகியிருந்தது. சோடியம் சார் வந்து பார்த்தார். என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

குழாய் நாங்கள் கேட்ட எஃகுதானா என்ற சந்தேகம் எழுந்தது. துண்டு பரிசோதனைக்குப் போயிருக்கிறது. அதுவரை உங்கள் பெயர் நிறுத்திவைப்பு. எல்லாருக்கும் உள்ள நடைமுறைதான்.

என் மகளை இதில் இழுக்காமல் இருந்தால் நல்லது.

வணக்கத்துடன்.

பிப்ரவரி 15

சம்பந்தியம்மா,

உங்கள் மகளை நான் இழுக்கவில்லை. அவளே உட்கார்ந்து இந்த ஆர்டர் சம்பந்தமான எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு என்னை விசாரிக்கிறாள். வீட்டிலும் விசாரணை, கடையிலும் விசாரணை.

எஃகில் சந்தேகமா? தாராளமாகப் பரிசோதியுங்கள். ஒரு இடத்தில் போதாது, மூன்று இடத்தில் பரிசோதியுங்கள். வார்ப்பாலைகளின் பின்பக்கம் கொட்டிய துருப்பிடித்த துண்டுக் கம்பிகளை வாங்கி, உப்புத்தாள் போட்டுக் கையால் தேய்த்து, புதுசுபோல் ஆக்கி விற்றுத்தான் நான் கடைக்கு வந்தேன். ஆனால் தேய்த்த கம்பியைத் தேய்த்த கம்பி என்று சொல்லித்தான் விற்றேன். ஒரு எஃகைச் சொல்லி இன்னொன்றைக் கொடுக்கிற புத்தி எனக்கு இருந்திருந்தால் இன்றைக்கு நாலு மாடியில் இருப்பேன். ஒரு மாடியில்தான் இருக்கிறேன்.

கல்யாணப் பேச்சுக்கு உங்கள் வீட்டுக்கு வந்த அன்று நினைவிருக்கிறதா? பையனைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை நீங்கள். சோடியம், ஈயம் என்று ஒரே பேச்சு. என் மனைவி திரும்பி வரும்போது, "அவங்க யாருக்கு வரன் பாக்குறாங்கன்னே புரியலீங்க" என்றாள். எனக்குப் புரிந்தது. சோடியம், தண்ணீர் கொதிக்கிற சூடு வருமுன்பே உருகிவிடும், இரும்போடு ஒத்துப்போகும், ஆனால் காற்றில் எரியும், தண்ணீரைக் கண்டால் வெடிக்கும். கெட்டிக்காரப் பையன், முன்கோபி. ஈயம் எதனோடும் எரியாது, எத்தனை சூட்டுக்கும் கொதிக்காது, ஆனால் மகா கனம், முந்நூறு டிகிரிக்குக் கீழே போனால் உறைந்து படுத்துவிடும், இருக்கிற வீட்டையே அரிக்கும். பொறுமைசாலி, சோம்பேறி, கூடவே வீட்டுச் சொத்தைத் தின்பவன். ஈயத்தில் பிஸ்மத் கலந்தால் சீக்கிரம் உருகும் என்றீர்கள், ஆனால் உலைக்குள் அது விஷமாக மாறும் என்றீர்கள். சந்தையில் பிஸ்மத் கிடைக்கிற லட்சணம் எனக்குத் தெரியும், அந்த வரனே வேண்டாம் என்று நானே சொன்னேன். ஹீலியம் யாரோடும் வம்புக்குப் போகாது, ஆனால் எந்த இடுக்கிலும் நழுவிவிடும், பாரமும் தூக்காது. இப்படி ஒன்று விடாமல் எனக்குப் பாடம் எடுத்த நீங்கள், இன்று என்னை யாரோ ஒரு சப்ளையர் என்கிறீர்கள்.

இந்த ஆர்டருக்காக நான் செய்ததை யாராவது செய்வார்களா? ஆர்டரில் கேட்டபடி சுடக் கொடுத்து, சூளையிலிருந்து வந்தபோது குழாய்கள் இருந்த கோலத்தை நீங்கள் பார்க்கவில்லை. தீப்பிடித்த வீட்டிலிருந்து எடுத்ததுபோல் மங்கி, திட்டுத் திட்டாக. சம்பந்தியம்மா பெயர் கெடக் கூடாதே என்று, பில்லில் ஏற்றாமல், என் செலவில் உள்ளும் புறமும் தேய்த்துக் கண்ணாடியாக்கி அனுப்பினேன். நீங்கள் போனில் சொன்ன ஒரே வார்த்தை, "தோல் உரியாம வரணும் சம்பந்தி." அதையும் காப்பாற்றினேன். குழாய்க்குக் குழாய் புது பிளாஸ்டிக் தோல், இரண்டு சுற்று. ஒரு இடத்தில் கீறல் காட்டுங்கள் பார்ப்போம்.

இப்படிக்கு,
ஒரு சப்ளையர்

பிப்ரவரி 19

சம்பந்தி அவர்களுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். தயவுசெய்து இதற்கு மட்டும் பதில் தாருங்கள்.

குழாய்களைத் தேய்த்தீர்களா? சூளையிலிருந்து வந்த பிறகா, போவதற்கு முன்பா? எதை வைத்து? உள்பக்கமும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பேச்சுக்கு எழுதியதா, உண்மையாகவே உள்பக்கமுமா? எல்லாக் குழாய்களையுமா?

பிப்ரவரி 22

சம்பந்தியம்மா,

இரண்டு கடிதத்தில் முதல்முறையாக ஒரு நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

சூளையிலிருந்து வந்த பிறகுதான். போவதற்கு முன் தேய்த்து என்ன பயன், சூளையில் திரும்ப அழுக்காகிவிடுமே. முதலில் அமிலத் தொட்டியில் முக்கினோம். வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது, அந்த அழுக்கு லேசில் விடுகிற அழுக்கு இல்லை. பிறகு தண்டுள்ள கம்பி பிரஷ்ஷை உள்ளே விட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்தோம். வளைவுகளில் பிரஷ் சிக்கிக்கொண்டது, அங்கே மட்டும் கூடுதலாக வேலை. கடைசியில் துணிச் சக்கரத்தில் பாலிஷ். நேர்க் குழாயில் ஒரு முனையில் கண்ணை வைத்துப் பார்த்தால் மறு முனையில் நிற்கிறவன் பல் தெரிந்தது. எல்லாக் குழாயையும்தான் தேய்த்தோம். பாதி வேலை செய்து அனுப்புகிற பழக்கம் இல்லை.

உங்கள் ஆட்கள் சரக்கை இறக்கும்போது, வந்ததிலேயே சுத்தமான சரக்கு என்று சொன்னார்களாம். டிரைவர் வந்து சொன்னான்.

ஏன் கேட்கிறீர்கள்? உங்கள் எழுத்து கோணலாக இருக்கிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

மார்ச் 1

சம்பந்தி அவர்களுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

எஃகுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. நீங்கள் கொடுத்தது நாங்கள் கேட்டதேதான். உங்களைச் சந்தேகித்ததற்கு வருந்துகிறேன். அதை முதலில் சொல்லிவிட்டேன், ஏனென்றால் இனிச் சொல்லப்போவதற்குப் பிறகு சொன்னால் அது காதில் விழாது.

நீங்கள் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்ததுதான் தோல்.

அந்த எஃகில் கொஞ்சம் அலுமினியம் உண்டு. அதற்கென்றே அப்படிக் கேட்டு வாங்கினோம். சூளையில் பதமாகச் சுட்டால் அந்த அலுமினியம் மேலே வந்து, காற்றோடு சேர்ந்து, மயிரிழையில் நூற்றில் ஒரு பங்கு கனத்தில் ஒரு படலமாகப் படரும். ஈயத்துக்கும் எஃகுக்கும் நடுவில் நிற்பது அது ஒன்றுதான். எங்கள் கூடத்தில் நாங்கள் அதைத் தோல் என்றுதான் சொல்வோம். ஈயத்தில் பிராணவாயு கலந்து வைத்தால் தேய்ந்த இடத்தில் வேறொரு தோல் வளரக்கூடும். நான் அதையும் வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தேன். வேறு உதவி எதுவும் இல்லாமல் அந்தத் தோல் மட்டும் தாங்குகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. பதினோரு வருஷம் இதற்காகப் போயிருக்கிறது. கடைசியில் வெறும் எஃகில் உருக்கிய ஈயத்தை ஓடவிட்டு, அது தின்கிறதே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டு நின்றேன். வளைவில் நீங்கள் கூடுதலாக வேலை செய்தீர்கள் என்று எழுதினீர்களே, ஓட்டை விழுந்ததும் அங்கேதான்.

குழாய்கள் வந்த வாரம் நான் வெளியூரில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். சரக்கு வாங்கும் பிரிவு நீளம், அகலம், கனம் அளந்தது, பளபளப்பைப் பார்த்து 'மிக நன்று' என்று முத்திரை குத்தியது. நான் திரும்பி வந்தபோது எல்லாவற்றுக்கும் வெப்பக் கம்பி சுற்றி, பஞ்சு போர்த்தி மூடியிருந்தார்கள். ஓரிடத்தில் பிரித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

எனக்கு யார் மேல் கோபம் என்று சொல்லத் தெரியவில்லை. உங்கள் மேல்தான் என்று சொல்லிவிட்டால் நிம்மதியாக இருக்கும்.

மார்ச் 5

சம்பந்தியம்மா,

படித்தேன். உங்கள் மகளை வாசிக்கச் சொல்லி இரண்டாம் முறையும் கேட்டேன். கடையில் வேலை ஓடவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். தோல் என்றால் என் தொழிலில் குழாய்மேல் சுற்றி வருகிற பிளாஸ்டிக். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். உரிந்து வந்தால் சரக்குத் திரும்பும், அதனால் எல்லாரும் சொல்கிற வார்த்தைதான் அது. அதையே நீங்களும் சொன்னீர்கள். மெல்லிசாக ஒரு படலம் இருக்கிறது, அதன்மேல் கை வைக்காதே என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? ஆர்டரில் ஏன் எழுதவில்லை? வேற்று ஆள் கடையாக இருந்தால் பத்து வரி எழுதியிருப்பீர்கள். சம்பந்தியிடம் போனில் ஒரு வார்த்தை போதும் என்று விட்டுவிட்டீர்கள். நானும் வேற்று ஆளாக இருந்தால் "தேய்க்கட்டுமா" என்று கேட்டிருப்பேன். நம்ம வீட்டு வேலை, கேட்காமலே செய்யலாம் என்று செய்தேன்.

உங்கள் மகள் சொல்கிறாள், "ரெண்டு பேரும் ஒரே வார்த்தைய வச்சுக்கிட்டு ரெண்டு அர்த்தத்துல குடும்பம் நடத்தியிருக்கீங்க, நடுவுல நாங்க என்ன பண்றது?" சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்குச் சாப்பாடு வைத்தது என் மனைவிதான்.

வியாபாரியாக ஒன்று சொல்கிறேன். எஃகு நல்லது என்று முடிவு வந்துவிட்டது, என் பெயர் திரும்பப் பட்டியலில் ஏறிவிடும். உங்கள் பதவியும் இருக்கும். இப்போது போய், தேய்த்துவிட்டார், சொல்லவில்லை என்று சொன்னால் இரண்டும் போகும். சோடியமும் நல்ல சரக்குத்தானே? உலகத்தில் பல இடங்களில் அதைத்தான் ஓட்டுகிறார்கள் என்று நீங்களே சொன்னீர்கள். அவர்களே ஜெயித்துவிட்டுப் போகட்டும். எந்தச் சரக்கிலும் குறை உண்டு, எந்தக் குறையோடு காலம் தள்ளலாம் என்று பார்த்து வாங்குவதுதானே வியாபாரம்?

யோசியுங்கள்.

மார்ச் 9

சம்பந்தி அவர்களுக்கு,

யோசித்தேன். உங்கள் யோசனையை ஒப்புக்கொள்ள எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல்.

சோடியம் கெட்டது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சோடியம் சார் மோசமான மனிதரும் இல்லை. ஆனால் எந்தக் குறையோடு காலம் தள்ளலாம் என்று பார்க்க, குறை எவ்வளவு என்று சரியாகத் தெரிய வேண்டாமா? சோடியத்தை எடுத்தால் தண்ணீருக்கும் அதற்கும் நடுவில் இன்னொரு சோடியச் சுற்று வைக்க வேண்டும், கசிவுக்குக் காவல் வைக்க வேண்டும், அது எரிந்தால் அணைக்கத் தனி ஏற்பாடு வேண்டும். அத்தனைக்கும் ஒப்புக்கொள்வதற்குக் காரணம், ஈயம் குழாயைத் தின்கிறது என்பது. ஈயம் தின்றது தோல் உள்ள குழாயை அல்ல. பொய்யான எடையை வைத்துத் தராசில் நிறுத்துக் காட்டிவிட்டு, வாங்குகிறவரே தீர்மானிக்கட்டும் என்று நீங்கள் விடுவீர்களா? உங்கள் கடையில் விடுவீர்களா?

ஆனால் நானும் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன். தினமும் கூடத்துக்குப் போகிறேன், அறுத்த குழாயை உருப்பெருக்கியில் வைத்துப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். முக்கியமான கட்டளையை ஒரே வார்த்தையில், அதுவும் சம்பந்திக்குப் போனில் சொன்னாள் என்று கூட்டத்தில் என் பெயரைப் படிப்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. எஃகில் குறை இல்லை, குழாயில் தோலும் இல்லை. அப்படியானால் தோலைச் சரியாகச் சுடாதவர் சூளைக்காரர் என்று எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள். அவருக்கு நோட்டீஸ் போகிறது. நான் தடுக்கவில்லை.

மார்ச் 14

சம்பந்தியம்மா,

சூளைக்காரர் கடைக்கு வந்தார். நோட்டீஸைக் கொண்டுவந்து, என்னோடு சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு எதுவும் தெரியாது. உங்கள் அலுவலகம் எனக்கு உறவு என்பதால், ஒரு வார்த்தை சிபாரிசு செய்ய முடியுமா என்று கேட்க வந்திருக்கிறார்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, எப்பவும் சுடுற மாதிரிதான் சுட்டேன். சூடு ஏறினதும் இறங்கினதும் நான் பக்கத்துல நின்னு பாத்தது. எங்க தப்பு விட்டேன்னுதான் புரியல" என்றார். தன்னையே சந்தேகித்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் இன்னொருவர் கொடுத்த வேலையை, தன்னால் ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டாராம்.

அவர் பக்கத்திலேயே நாங்கள் குழாய்களை முக்கிய அமிலத் தொட்டி இருக்கிறது. அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார். எதற்கு என்று கேட்கவில்லை.

பெயர் போனால் திரும்பச் சம்பாதிக்க எனக்குத் தெரியும், ஒரு தடவை ஒன்றுமில்லாமல் சம்பாதித்தவன்தானே. ஆனால் ஒரு தொழிலாளி தன் கையையே நம்பாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு கல்லாவில் உட்கார முடியவில்லை. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நோட்டீஸை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, "அத ஏன்ணே தேச்சீங்க, அழகா வந்திருந்துச்சே" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நேற்று உங்கள் தேர்வுக் குழுவுக்குப் பதிவுத் தபால் போட்டுவிட்டேன். தேய்த்தது நான், கேட்காமல் தேய்த்தேன், சூளைக்காரர் மேல் ஒன்றும் இல்லை, ஈயத்தின் மேலும் ஒன்றும் இல்லை என்று. உங்கள் வார்த்தையைப் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை. போனில் எதுவும் சொன்னதாகவே நான் காட்டிக்கொள்ளவில்லை. உங்கள் பெயர் அதில் வராது. நீங்கள் பேசாமல் இருந்தால் போதும்.

மார்ச் 18

சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் தபால் போட்ட அதே நாளில் நானும் குழுவுக்கு எழுத்தில் கொடுத்தேன். தோல் என்று போனில் சொன்னதும், ஆர்டரில் எழுதாததும், பிரித்துப் பார்க்காததும் என் தவறு, சப்ளையர் நான் சொன்னபடிதான் செய்தார், அவர்மேல் நடவடிக்கை வேண்டாம் என்று.

இரண்டு கடிதமும் ஒரே மேசையில் ஒரே காலையில் போய் விழுந்திருக்கின்றன.

ஒன்றில் போனில் எதுவுமே சொல்லவில்லை. இன்னொன்றில் போனில் சொன்னதுதான் எல்லாமே. குழுத் தலைவர் என்னைக் கூப்பிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "சம்பந்திகள் பேசி வச்சுக்கிட்டு எழுதியிருந்தா, இன்னும் கொஞ்சம் நல்லாப் பேசி வச்சிருக்கலாம்" என்றார். தோற்ற சோதனையைக் காப்பாற்ற நாம் கதை கட்டுகிறோம் என்று அவர் நினைக்கிறார். இத்தனை நாள் சொல்லாமல் இருந்தபோது எல்லாரும் நம்பினார்கள். சொன்ன பிறகு யாரும் நம்பவில்லை.

ஏன் என்னைக் கேட்காமல் எழுதினீர்கள்? நானும் உங்களைக் கேட்காமல்தான் எழுதினேன், தெரியும். இப்படித்தான் குழாயும் போனது.

இருபத்தெட்டாம் தேதி உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வரும்போது தேய்த்த குழாய் மீதி ஏதாவது கடையில் இருந்தால் கொண்டுவாருங்கள். அமிலத் தொட்டியில் வண்டல் இருந்தால் அதையும். தோலில் இருந்த அலுமினியம் அதில் இருந்தால், நம் இரண்டு பேர் வாக்கைவிட அதை நம்புவார்கள். தொட்டியை இன்னும் சுத்தம் செய்யாமல் வைத்திருக்கிறீர்களா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

மார்ச் 21

சம்பந்தியம்மா,

தொட்டியை நேற்றுக் கழுவச் சொல்லியிருந்தேன். உங்கள் கடிதம் இன்று வந்தது.

தலையில் அடித்துக்கொண்டு ஓடினேன். அங்கே உங்கள் மகள், தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நேற்றிலிருந்து யாரையும் கிட்டே விடவில்லையாம். "கேக்காம எதையும் தேய்க்கிறதில்ல மாமா, இனிமே இந்தக் கடையில" என்றாள். எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை.

வண்டலை இரண்டு ஜாடியில் எடுத்து வைத்திருக்கிறோம். இருபத்தெட்டாம் தேதி வருகிறேன்.

ஏப்ரல் 3

சம்பந்தியம்மா அவர்களுக்கு வணக்கம்.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது வாசலில் நின்று பேசியது சரியாகக் காதில் விழவில்லை. இந்த முறை ஒரு வார்த்தையும் இரண்டு அர்த்தத்தில் இருக்கக் கூடாது என்பதால் எழுதி வைக்கிறேன். தப்பிருந்தால் திருத்துங்கள்.

வண்டலில் அலுமினியம் இருந்தது. நம்பினார்கள். நம்பியதற்குக் கூலியையும் வாங்கிக்கொண்டார்கள். என் கடை இரண்டு வருஷம் பட்டியலில் இல்லை. நீங்கள் ஈயக் குழுவின் தலைமையில் இல்லை, சோதனை முடியும்வரை அந்தக் கூடத்துக்குள் போகவும் கூடாது. சூளைக்காரர் நோட்டீஸ் ரத்து. ஈயத்துக்கு இன்னும் ஒரே ஒரு சோதனை, அதை நடத்தப்போவது சோடியம் சார். அதுவரை சோடியமும் இல்லை, ஈயமும் இல்லை, முடிவு ஒத்திவைப்பு. எதிராளி கையில் தராசைக் கொடுத்துவிட்டார்களே என்று நான் பொருமினேன். "அவர் சரியா நிறுப்பாரு, எனக்கு அதுதான் வேணும்" என்றீர்கள். சொல்லும்போது உங்கள் முகத்தை நான் பார்த்தேன். பதினோரு வருஷ வேலையைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்கப்போகிறீர்கள். அதற்கு என்னிடம் ஆறுதல் இல்லை.

புதுக் குழாய் வேறு கடையில் வாங்குவார்கள். நான் விலை கேட்டுப் பார்த்தேன், என்னைவிட அதிகம். சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். சூளையிலிருந்து குழாய் நேராக உங்கள் வளாகத்துக்குப் போகும், என் தெரு வழியாகக்கூடப் போகாது. சூளைக்காரர் இந்த முறை காவலுக்கு அதே வண்டியில் ஏறி வருவதாகச் சொல்கிறார். யாரிடமிருந்து காவல் என்று நான் கேட்கவில்லை.

கடையில் எந்தச் சரக்கு வந்தாலும் இப்போது என் ஆட்கள் என்னைப் பார்க்கிறார்கள், "தேய்க்கலாமா முதலாளி?" என்று. துருப்பிடித்த ஆணியைக்கூடக் கேட்டுவிட்டுத்தான் தொடுகிறார்கள். வேலை பாதியாகிவிட்டது.

ஆக, நமக்குள் முடிவானது இது. ஓட்டை விழுந்த துண்டு உங்களிடமே இருக்கும். மீதிப் பளபளப்புக் குழாய் மொத்தத்தையும் நான் அன்றைய கழிவு விலைக்கு எடுத்துக்கொள்கிறேன், உறவு என்று ஒரு காசு கூட்டவும் இல்லை, கோபத்தில் ஒரு காசு குறைக்கவும் இல்லை. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்னுடையது. சூளைக்காரர் திரும்பச் சுடுகிற கூலியில் பாதி உங்களுடையது, பாதி என்னுடையது. போன் வந்தால் எடுப்பது உங்கள் பொறுப்பு, கத்தாமல் இருப்பது என் பொறுப்பு. புதிதாகச் சுட்ட குழாயிலிருந்து ஒரு சாண் துண்டு என் மேசைக்கு, விலை இல்லாமல், துடைக்காமல்.